ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு சிவப்பு அம்பு

இன்று காலை பாப்பாவின் ரப்பர் உருண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஃபிரிட்ஜை இழுத்துப் பின்பக்கம் பார்த்தேன். கம்பியெல்லாம் ஒட்டடை. அதற்கு நடுவே நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு, நீ ஒட்டியது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது, உன் ரிஜெக்ட் மட்டும் எனக்காக இங்கேயே காத்திருந்திருக்கிறது.

தோல் பதனிடும் டேனரியின் தூசியில் எனக்கு இளைப்பு முற்றி, டாக்டர் இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று சொன்னபோது, நீ ஷூ கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டு வேலை என் கைக்கு வந்தது. தையல் விட்டுப்போன இடத்தைக் காட்டி, ஷூவை ரிஜெக்ட் செய்ய ஒட்டும் அந்த அம்புகளில் மிச்சத்தை வீட்டுக்கு எடுத்து வருவாய். நான் கழுவி வைத்த இட்லிப் பானையைத் திருப்பிப் பார்த்து, "இன்னாங்க இது, காதுல பிசுக்கு அப்டியே இருக்கு?" என்று ஒன்றை ஒட்டுவாய். முதல் மாதம் சமையலறையே சிவந்து கிடந்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். தெருவில் யாரும் பார்ப்பதற்குள் துணியை உலர்த்திவிட்டு உள்ளே ஓடிவந்த ஆள் அல்லவா நான். "பொம்பள வேலைக்கு இவ்ளோ பேஜாரா?" என்று ஒருநாள் கத்தினேன். நீ பதிலுக்குக் கத்தவில்லை. "கண்ணால பாக்காதீங்க, வெரலால தடவிப் பாருங்க" என்றாய்.

தடவிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் வீடு எனக்குப் பிடிபட்டது. சோறு வடித்து, தரை துடைத்து, காய்ந்த துணியை மடித்து வைத்துவிட்டு, பதினோரு மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தால் மனசு நிறைந்து கிடக்கும். டேனரியில் நான் தேய்த்த தோல் யார் காலுக்குப் போனதோ தெரியாது. இங்கே நான் தேய்த்த தட்டில் என் மகள் சாப்பிடுகிறாள். பதினாறு வருஷ உழைப்பில் கிடைக்காத நிம்மதி அது.

காய்ச்சல் என்று படுத்தாய், பதினோராம் நாள் இல்லாமல் போனாய். காரியம் முடிந்த கையோடு, திருப்பத்தூரிலிருந்து வந்திருந்த உன் அக்கா பாப்பாவின் துணிகளைப் பையில் எடுத்து வைத்தார். "பொம்பள இல்லாத வூட்ல, பெரிய மனுஷி ஆவப் போற பொண்ண எப்டி தம்பி வுடறது? நான் இட்னு போறேன்." பாப்பா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சண்டை போடவில்லை. "ஒரு வாரம் இருந்து பாருங்க அண்ணி, அப்புறம் சொல்லுங்க" என்றேன்.

உன் அக்கா லேசுப்பட்டவரா? தவாவின் அடி, அரிசி டப்பாவின் மூடி, சீருடையின் காலர் என்று ஒன்றையும் விடவில்லை. நான் பின்னிய இரட்டைச் சடையை அவிழ்த்துப் பின்னப் போனவர், இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் பாப்பாவின் அலமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டில், மடித்த துண்டுக்குப் பக்கத்தில், என்றைக்காவது தேவைப்படுமே என்று நான் வாங்கி வைத்திருந்த நாப்கின் பாக்கெட் இருந்தது. அதைக் கையில் எடுத்தவர் கட்டிலில் உட்கார்ந்து அழுதார்.

ஊருக்குக் கிளம்பும்போது பையைத் தானே காலி செய்தார். "லீவுக்கு மட்டும் அனுப்புங்க தம்பி" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி, "ரசத்துல உப்பு கம்மி" என்றார். அந்த ஒரு குறையோடு நான் பாஸாகிவிட்டேன். அன்றைக்கு நான் துணியைப் பட்டப்பகலில், தெருவே பார்க்க உலர்த்தினேன்.

அக்கா கண்ணுக்கே தப்பிய இடம், நீ போவதற்கு முன்பே உன் கண்ணில் பட்டிருக்கிறது. இன்று அந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்தேன். பிறகு, நீ சொன்னபடி, விரலால் தடவிப் பார்த்தேன். எதைக் கழுவினாலும் இப்படித்தான் செய்கிறேன், உன் விரல் என் கையில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அம்பை உரித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முடிந்தால் ஒருமுறை வந்து, வீடு முழுக்கத் தேடிப் பாரேன். இதை ஒட்ட உனக்கு ஓர் இடம் கிடைக்காது.