சாக்கு அடைத்த ஜன்னல்கள்

1958 பிப்ரவரி 23, ஞாயிறு

பூசை முடிந்து வந்து வழக்கம்போல் சோதனை. சட்டைப்பைக் கடிகாரத்தை லூர்து மேரி பிடித்துக்கொள்கிறாள். நான் கண்ணை மூடி நிற்கிறேன். டிக் டிக் சத்தம் எனக்குக் கேட்காமல் போகும்வரை அவள் பின்னால் நகர வேண்டும். வலக் காது மூன்று அடி இரண்டு அங்குலம். இடக் காது ஒன்றரை அடி. போன வருஷம் இதே மாதத்தில் இரண்டுமே நாலடிக்கு மேல். அறுபத்தாறு வயதில் இது இயல்பாக இருக்கலாம். ஆனால் இரண்டு காதுக்கும் வயது ஒன்றுதானே?

"நான் கத்துறது கேக்குதுல்ல, அது போதும். கடிகாரத்தோடயா குடும்பம் நடத்துறீங்க?" என்றாள் லூர்து மேரி.

பிப்ரவரி 25, செவ்வாய்

இந்தத் தபசு காலத்தின் முதல் பயிற்சி. நோன்பு நாற்பது நாளும் ஊரில் கொட்டு மேளம் கூடாது. ஆனால் ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு ஞாயிறன்று சப்பரத்துக்கு முன்னால் எங்கள் பேண்டு பிசகில்லாமல் வாசித்தாக வேண்டும். அதனால் வாவு முகம்மதுவின் கருவாட்டுக் கிட்டங்கிக்குள் போய், கதவைத் தாழிட்டு, ஜன்னல்களில் சாக்கு அடைத்துக்கொண்டு வாசிக்கிறோம். தகரக் கூரை. ஒன்பது பேர். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. நடத்துகிற மரியதாஸ் தையல்காரர். டிரம்பெட் ஊதும் வியாகுலமும் பெரிய டிரம் அடிக்கும் கில்பர்ட்டும் கடல் தொழில். நான் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன், கிளாரினெட், பேண்டுக்குச் செயலாளரும் நான்தான். எனக்கு நேர் பின்னால் டிரம்பெட். டிரம்பெட்டுக்கு இடப்பக்கம், ஒரு முழ தூரத்தில், பெரிய டிரம்.

வெளியே வந்தபோது கடல் இருந்தது, அலை இருந்தது, சத்தம் இல்லை. காதுக்குள் ஒரு கொசு மட்டும்.

பிப்ரவரி 26

கொசு இன்னும் போகவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

பஞ்சைத் திரித்து, தேங்காயெண்ணெய் தொட்டு, இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு போனேன். தலைமுடியை இழுத்து மறைத்துக்கொண்டேன். காதுக்கு நல்ல அமைதி. ஆனால் என் வாத்தியம் எனக்கே கேட்கவில்லை. கேட்கவில்லை என்று மேலும் ஊதியிருக்கிறேன் போலும். மரியதாஸ் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார்.

"கிளார்க்கய்யா, இன்னைக்கு என்ன, கப்பல் சங்கா ஊதுறீக?"

மன்னிப்புக் கேட்டேன். காரணம் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

பஞ்சைப் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர் கில்பர்ட்.

"ஏலே, இங்கன பாருங்கடா! மூக்குல வைக்க வேண்டிய வயசுல காதுல வச்சிருக்காரு!"

கிட்டங்கியே சிரித்தது. வியாகுலம் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு நகைச்சுவை பிடிக்கவில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று முகம் முகமாகத் தேடிக்கொண்டிருந்தார். கில்பர்ட் அவருடைய இடப்பக்கம் நின்றுதான் அதைச் சொன்னார்.

பஞ்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மீதி நேரம் வெறும் காதுடன் வாசித்தேன். எதற்கு எடுத்தேன்? ஒருவர் சிரித்ததற்கா? அறுபத்தாறு வயதில்!

மார்ச் 8, சனி

வியாகுலத்தின் வள்ளம் பாரில், கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டில், மோதிவிட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. பலகை இரண்டு போய்விட்டது. அவர்தான் சுக்கான் பிடித்திருந்தார். இடப்பக்கம் பாறை தெரிகிறதென்று மச்சான் மூன்று தரம் கத்தினாராம். "பாட்டு நெனப்புல இருந்திருக்கான்" என்று கரையில் பேசிக்கொள்கிறார்கள்.

பாட்டு நினைப்பு இல்லை. எனக்குத் தெரியும்.

மார்ச் 10, திங்கள்

வியாகுலத்தின் வீட்டுக்குக் கடிகாரத்துடன் போனேன். விளையாட்டாக என்று சொல்லிக்கொண்டுதான் ஆரம்பித்தேன். வலக் காது இரண்டரை அடி. இடக் காதுக்கு நாலடியிலிருந்து கொண்டுவந்தேன். மூன்று, இரண்டு, ஒன்று. கடைசியில் கடிகாரத்தைக் காது மடலிலேயே ஒட்டிவைத்தேன்.

கண்ணை மூடியபடி, "ம், ஆரம்பிங்க" என்றார்.

மார்ச் 12, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

கதவை அடைத்து வாசிக்கும் வழக்கம் எப்போது வந்தது என்று பழைய நடவடிக்கைப் புத்தகங்களைப் புரட்டினேன். அப்போதிருந்த சாமியார் உத்தரவு போட்டிருப்பார், அதைக் காட்டி இப்போதைய சாமியிடம் விலக்குக் கேட்கலாம் என்று எண்ணம். உத்தரவு எதுவும் இல்லை. 1940 பிப்ரவரி, என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "பங்குச் சாமியார் கோபிக்கக்கூடுமாதலால், கதவைத் தாழிட்டு, ஜன்னல்களில் சாக்கு அடைத்துப் பயிற்சி செய்யலாமென்று செயலாளர் கூறினார். அனைவரும் சம்மதித்தனர்."

சாமியார் கோபிக்கவில்லை. கோபிக்கக்கூடும். யாரும் அவரைக் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. ஒருவரைக் கேட்கப் பயந்து ஒன்பது பேரைப் பெட்டிக்குள் போட்டு மூடியிருக்கிறேன். பதினெட்டு தபசு காலம்.

மார்ச் 13

பயிற்சிக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன். தலைவலி இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

பூசைக்குப் பின் சாமியின் அறைக்குப் போனேன். வாசலில் இரண்டு முறை திரும்பினேன். மூன்றாம் முறை அவரே பார்த்து உள்ளே கூப்பிட்டுவிட்டார். சொல்ல வேண்டியதைத் தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். தாளைப் பார்த்தே படித்தேன். காது, கடிகாரம், பார், சாக்கு, எல்லாம்.

சாமி சிரித்துவிட்டார். "கிட்டங்கியில நீங்க வாசிக்கிறது நான் வந்த வருஷத்துல இருந்து எனக்குக் கேட்குதே! ஊருக்கே கேட்குது. தப்பா வாசிக்கிறது தெரியக் கூடாதுன்னு அடைச்சுக்கிறீங்கன்னுல்ல நெனச்சேன்."

"தபசு காலம், சாமி..."

"பழகுறது பழகுறதுதானே, திருநாளா? கதவைத் தெறந்து வையுங்க." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அரை நாழிகை வேலை. பதினெட்டு வருஷம்.

மார்ச் 18, செவ்வாய்

சாக்குகளை நானே எடுத்தேன். காற்று உள்ளே வந்தது, கூடவே தெருப் பிள்ளைகளின் தலைகளும். ஒன்பது பேருக்கும் லூர்து மேரி பஞ்சு திரித்துக் கொடுத்திருந்தாள். மெல்லிசாக வைத்தால் சொந்த வாத்தியமும் கேட்கிறது. அன்று நான் திணித்ததுதான் தவறு. மரியதாஸ் வாங்கிக்கொண்டார். கில்பர்ட் கடைசியில் பக்கத்தில் வந்து, "அந்த மூக்குப் பஞ்சுல எனக்கும் ரெண்டு குடுங்க, கிளார்க்கய்யா" என்றார். பார் விஷயத்துக்குப் பிறகு அவர் பெரிய டிரம்மைத் தனியாகக் கதவோரம் கொண்டுபோய் வைத்திருக்கிறார். யாரும் சொல்லி அல்ல, தானாகவே.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். வியாகுலமும். அது தாங்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

வியாகுலத்திடம் சொல்லிவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கடற்கரையில் புதுப் பலகை போட்ட வள்ளத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். கடலைப் பார்த்துக்கொண்டே 1940-இல் எழுதினதைச் சொன்னேன், என் பயத்தைச் சொன்னேன், அவர் காது போனதில் என் பங்கைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முடித்ததும் லேசாக இருந்தது. எழுந்து பத்தடி நடந்தேன்.

பிறகுதான் நின்றேன். நான் உட்கார்ந்தது அவருடைய இடப்பக்கம்.

தெரியாமலா உட்கார்ந்தேன்? அளந்து பார்த்தவனே நான்தானே. சத்தியமாகத் தெரியவில்லை — தெரிந்துதான் உட்கார்ந்தேனோ என்னவோ, அதுவும் தெரியவில்லை.

திரும்பிப் போனேன். சுற்றிக்கொண்டு வலப்பக்கம் உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். இந்தத் தடவை அவர் தலையை ஆட்டவில்லை.

"எந்த வருசம்னீக?" என்றார்.

"நாப்பது."

"எம் மக ஜோதிமேரி அப்பப் பொறக்கல." மணலைக் கையில் அள்ளி விட்டுக்கொண்டே இருந்தார். "அவளுக்கு மெல்லிசுக் கொரலுன்னுல்ல இத்தனை வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன், கிளார்க்கய்யா."

எழுந்து போய்விட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

வியாகுலம் வரமாட்டார் என்று எண்ணி, டிரம்பெட் இல்லாமலே ஆரம்பிக்கச் சொன்னார் மரியதாஸ். இரண்டாம் பாட்டின் நடுவில் வந்தார். ஜன்னல் விளிம்பிலிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டார். பின்வரிசைக்குப் போகாமல் என் இடப்பக்கம் வந்து நின்றார். அங்கே நின்றால் அவருடைய வலக் காது என் பக்கம்.

எனக்கு மூச்சு நிலைக்கவில்லை. சுருதி ஏறிவிட்டது.

"எறக்குங்க, கிளார்க்கய்யா" என்றார், முன்னால் பார்த்தபடியே.

இறக்கினேன்.