தம்பி வாங்கி வைத்திருக்கும் பூட்டு

என் அன்பு மகளுக்கு, வாப்பா எழுதுவது.

இறைவனின் சாந்தி உன்மீதும் மாப்பிள்ளைமீதும் பிள்ளைகள்மீதும் நிலவட்டும். நானும் உம்மாவும் உடலால் நலம். உன் தம்பியும் முகம் மலர்ந்துதான் திரிகிறான்; அந்த மலர்ச்சி என்னால் வந்ததில்லை என்பதே என் நோய்.

அவனுடைய மோட்டார் ரிப்பேர் கடைக்குப் பல மாதங்களாக மின்சாரம் சரியாக வரவில்லை. மின்வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். "டிரான்ஸ்பார்மர் மேலேயிருந்து வரணும் பெரியவரே" என்று கையை விரித்தார்கள். மேலே இருப்பவன் இறைவன் ஒருவனே என்றல்லவா எண்ணியிருந்தேன். கடை மூடிக் கிடந்தபோதுதான் பள்ளிவாசலில் மார்க்கச் சொற்பொழிவாகப் பயான் செய்யும் ஓர் இளைஞர் தெருவுக்கு வந்தார். ஜெனரேட்டர் இறக்கிக் கொடுத்தார். ஆம்புலன்ஸ் வராத நாளில் உம்மாவைத் தம் வண்டியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். உம்மா இப்போது "பெத்த பிள்ளை மாதிரி" என்று அவருக்காகத்தான் கையேந்தி நீளமாகத் துஆ கேட்கிறாள். தாடி முழுதாக முளைக்காத அவரைக் கண்டால் உன் தம்பி எழுந்து நிற்கிறான், அவரைப் போலவே தொண்டையைக் கனைக்கிறான். மடியில் வைத்து ஓதக் கற்றுக்கொடுத்த எனக்கு ஒருநாளும் எழுந்ததில்லை. குறைப்பட்டால், "நீங்க பொறுமையைப் பத்தி வசனம் சொன்னீங்க வாப்பா, அவரு கரண்டு கொண்டு வந்தாரு" என்கிறான். பொறாமைக்காரனின் தீங்கிலிருந்து காக்கும்படி தினமும் ஓதுகிறேன் மகளே. அந்தப் பொறாமைக்காரன் நானேதானோ என்று இப்போது நாக்கு தடுமாறுகிறது.

பொறாமை மட்டும் என்றால் விழுங்கிவிடுவேன். அவரோ கொடுத்ததற்குக் கூலி கேட்கிறார். என்னோடு பழம்பாடல்களுக்குப் பொருள் பேசும் எதிர்வீட்டுத் தையல்காரர் தர்காவுக்குப் போவதால் வழிகெட்டவராம். வரும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பயான்காரரும் அவர் பின்னால் திரியும் பையன்களும் தையல்காரரின் கடையை இழுத்து மூடப்போகிறார்களாம். பூட்டு வாங்கி வைத்திருப்பவன் உன் தம்பி. காவல் நிலையத்தில் போய்ச் சொன்னேன். "உங்களுக்குள்ளேயே பேசி முடிச்சுக்குங்க" என்றார்கள். தையல்காரரோ சிரிக்கிறார்: "பூட்டட்டும் பாய், அதுக்கு முன்னாடி அளவு குடுத்த சட்டையை வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க."

ஆகவே வெள்ளியன்று தொழுகை முடிந்ததும் நான் நேரே அந்தக் கடைக்குள் போய் உட்காரப்போகிறேன். பூட்டுவதானால் என்னையும் உள்ளே வைத்துப் பூட்டட்டும். நியாயத்துக்காக என்று மட்டும் எழுத ஆசைதான். அந்தப் பயான்காரரின் கண்முன்னே என்னைப் பார்த்து உன் தம்பி அந்தப் பூட்டைக் கீழே வைக்கவேண்டும் என்பதற்காகவும்தான். உம்மாவுக்கு இது தெரியாது. போனில் வாய்தவறிச் சொல்லிவிடாதே. அதற்குள் தம்பியிடம் ஒருமுறை பேசு. புத்தி சொல்லாதே, சாப்பிட்டாயா என்று மட்டும் கேள்.

உன் வீட்டில் ஒளியும் நிறைவும் நீங்காதிருக்க இறைவன் அருள்வானாக.

இப்படிக்கு,
உனக்கும் அவனுக்கும் ஒரே வாப்பா.