முட்டி போட்ட படம்

பெண்டிகோ,
4 மே 1996

அன்புள்ள ரோவீனா,

நலமா? நான் நலமில்லை. வலது முழங்கால் பூசணிக்காய் போல வீங்கிக் கிடக்கிறது. பப்பின் மாடி அறையில் படுத்து, ஐஸ் மூட்டையை அதன்மேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். "இன்னொரு தடவ மேடைல முட்டி போட்டீங்கன்னா, அப்புறம் கம்ப ஊனிக்கிட்டுத்தான் பாடணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகும் நேற்றுப் போட்டேன். என்ன செய்ய? கடைசிப் பாட்டைத் தொடங்கினாலே கூட்டம் கேமராவைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறது. "முட்டி போடுடா டார்சி! போஸ்டர்ல இருக்கற மாதிரி போடுடா!" நம் டிரம்மர் பிங்கோ வேறு, நான் விழும்வரை ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

ஒன்பது வருடமாக உன்னிடம் சொல்லாததைச் சொல்கிறேன். கீலாங் பப்பில் நீ எடுத்த அந்தப் போஸ்டர் படத்தில் நான் பாடி உருகி விழவில்லை. அங்கே எர்த் சரியில்லை. கிடார் கம்பியில் கை, மைக்கில் உதடு. ஷாக் அடித்து விழுந்தேன். கண்ணில் தண்ணீரும் அதனால்தான். மறுநாள் நீ படத்தைக் கழுவிக் கொண்டுவந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அப்போது எப்படிச் சொல்வேன்?

உன் புத்தகம் வரப்போகிறதாம், அட்டையில் அந்தப் படமாம். வேண்டாம், ரோ. அது கடைக்குக் கடை தொங்கினால் நான் சாகும்வரை முட்டி போட வேண்டும். உன் காலில் விழுந்து கேட்டிருப்பேன், டாக்டர்தான் விழக் கூடாது என்றுவிட்டார்.

அன்புடன்,
டார்சி


பிரன்ஸ்விக், மெல்பர்ன்
9 மே 1996

அடப் பாவி டார்சி,

உன் கடிதத்தைப் படித்ததும் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பாடுகிறவன் தன்னை மறக்கும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டும் என்று, அந்த ஒரு படத்தை வைத்துத்தானே ஊரெல்லாம் பேசித் திரிகிறேன்! கடைசியில் அது கரண்ட்டா?

நீ மட்டுமா மாட்டிக்கொண்டிருக்கிறாய்? எந்தக் குழு கூப்பிட்டாலும், "அந்த டார்சி படம் மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்கக்கா" என்றுதான் கேட்கிறார்கள். பெரிய அரங்குகளில் முதல் மூன்று பாட்டு முடிந்ததும் படம் எடுக்கிற எங்களை வெளியே தள்ளிவிடுகிறார்கள். மூன்று பாட்டுக்குள் எவன் முட்டி போடுவான்?

பதிப்பாளர் அம்மாவிடம் பேசினேன். ஷாக் அடித்த கதையைச் சொல்லவில்லை. "அதவிட நல்ல படம் ஒண்ணு கொண்டா, மாத்திடறேன். இல்லன்னா அதேதான்" என்றாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

அதனால் இருபத்தைந்தாம் தேதி நீ பாடும்போது பல்லாரட்டுக்கு வருகிறேன். பாரிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கடைசிப் பாட்டை உட்கார்ந்து பாடு. கத்துவார்கள், கத்தட்டும். உன் தம்பி லியாம் ஆற்றோடு போன பிறகு எழுதினாயே, அந்தக் கடைசிச் சரணம், அதை இந்த முட்டிக் கூச்சலில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதைப் பாடு. நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஓரமாக இருப்பேன். என்னை மறந்துவிடு.

மைக்கைத் தொடுமுன் எர்த்தைப் பார்த்துக்கொள்.

உன்,
ரோ


பிரன்ஸ்விக்,
3 ஜூன் 1996

கண்ணா டார்சி,

இத்துடன் பல்லாரட் படத்தை அனுப்பியிருக்கிறேன். நின்றுகொண்டு பார்க்காதே, உட்கார்ந்து பார்.

"காசு குடுத்து வந்திருக்கோம், முட்டி போடுறா!" என்று கத்தினானே ஒரு தடியன், அவன்தான் சரணம் வந்ததும் முதலில் வாயை மூடினான். பீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் குழாயை நிறுத்திவிட்டு நின்றாள். நான் கேமராவில் கண்ணை வைத்தபடியே அழுதிருக்கிறேன். அதனால்தான் உன் கை கொஞ்சம் மங்கல். முகம் மங்கவில்லை.

பதிப்பாளர் அம்மா பழைய படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "அட்டை இதுதான்" என்றாள். சனிக்கிழமைப் பத்திரிகையும் லியாம் கதையோடு அரைப் பக்கத்துக்குப் போட்டுவிட்டது. நீ விடுதலை, டார்சி. நானும்தான்.

முத்தங்களுடன்,
ரோ


ஹார்ஷம்,
23 ஜூன் 1996

அன்புள்ள ரோவீனா,

படம் வந்தது. அதில் இருப்பது நான்தான், மறுப்பதற்கில்லை. முழங்கால் வீக்கமும் வற்றிவிட்டது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறேன்.

நேற்று இங்கே சாமான் இறக்கப் போனால், மேடை நடுவில் ஒரு ஸ்டூல் இருந்தது. விளக்கையும் அதன்மேல் திருப்பி வைத்திருந்தார்கள். பப் முதலாளி என் தோளில் தட்டி, "பேப்பர்ல பாத்தேன்யா. எங்க ஊர்லயும் அப்படியே உக்காந்து, அந்தத் தம்பி பாட்டப் பாடிடணும், என்ன?" என்றார். போன இரண்டு ஊரிலும் இதே கதைதான்.

நின்றுதான் பாடுவேன் என்று அடம்பிடித்து நின்றேன். துள்ளிக்கூட ஆடினேன், கால் ஒன்றும் சொல்லவில்லை. "உக்காருடா டார்சி! உக்காந்து அழுடா!" என்று ஒரு பெண்பிள்ளை கத்தினாள். பிங்கோவும் அடியை நிறுத்தவில்லை. உட்கார்ந்தேன். சரணம் வந்ததும் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல அமைதியானார்கள். கேமராச் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணை மூடினேன். லியாம் வரவில்லை. ஆனாலும் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டேன்.

முட்டி போட்டது பொய். அதைச் செய்யும்போது முழங்கால் மட்டும்தான் வலித்தது. பல்லாரட்டில் பாடியது நிஜம், ரோ. அதை இப்போது ஊருக்கு ஊர் நடிக்கிறேன். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

உன்மேல் எனக்குக் கோபமில்லை. நான் கேட்டேன், நீ செய்தாய். புத்தகம் நன்றாக விற்கட்டும், மனதாரச் சொல்கிறேன். ஆனால் இனி நான் பாடும் இடத்துக்கு வராதே. கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன் என்று எழுதுவாய். வைக்க மாட்டாய். வைத்துவிட்டே வந்தாலும், நீ எதிரில் நின்றால் நான் படமாகிவிடுவேன்.

டார்சி