வெயிலில் கிடந்த செருப்புகள்

ஜூன் 16, 2025, திங்கள்
களை பறித்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து போன். ஏஞ்சல் மறுபடியும் பிள்ளைகளின் செருப்புகளை ஒளித்து வைத்துவிட்டாளாம். சேற்றுக் காலோடு ஓடினேன். ஏஞ்சலோடு படிக்கும் விஜய்யின் அம்மா செல்லம்மாள் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "இன்னா தேவயானி, பொண்ண படிக்க அனுப்புறியா, திருட அனுப்புறியா?"

வீட்டுக்கு வந்து ஏஞ்சலை அடித்துவிட்டேன். அவள் அழவில்லை, காதைப் பொத்திக்கொண்டாள். எழுதவே கை கூசுகிறது.

ஜூன் 19, வியாழன்
பெரிய டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆட்டிசம் புள்ளைங்களுக்கு மத்தவங்க கஷ்டம் புரியாதும்மா. இந்த மாசத்தோட நிறுத்திட்டு காஞ்சிபுரத்துல தனி ஸ்கூல்ல சேத்துடு."

தினமும் யார் கூட்டிப்போவது? வீட்டுக்காரர் ஜானுக்குச் செங்கல் சூளையில் வேலை. நானும் கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. நிறுத்தினால் வீட்டோடுதான். ஏழு வயதுப் பிள்ளையைப் பூட்டி வைப்பதா?

ஜூன் 23, திங்கள்
அரைநாள் வேலையை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக்குப் பின்னால் போலீஸ் மாதிரி ஒளிந்து உட்கார்ந்தேன். சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஏஞ்சல் வெளியே வந்தாள். வகுப்பு வாசலில் கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். சுட்டவற்றை மட்டும் இரண்டிரண்டாகத் தூக்கிப்போய்க் கட்டடத்துக்குப் பின்னால் நிழலில் வைத்தாள். அவளுடைய செருப்பு முதலிலிருந்தே நிழலில்தான் கிடந்தது. யாருக்காக இந்த நடை?

பாவி நான், இந்தப் புள்ளையவா அடிச்சேன்?

பெரிய டீச்சரைக் கையோடு இழுத்துவந்து காட்டினேன். வெயிலில் மிச்சமிருந்த ஒரு செருப்பைத் தொட்டவர் வெடுக்கென்று விரலை எடுத்துக்கொண்டார். "சரி, இருக்கட்டும். பாக்கலாம்" என்றார். செல்லம்மாளிடம் அவரே பேசுவதாகவும் சொன்னார்.

ஜூன் 24
ஏஞ்சலிடம் மன்னிப்புக் கேட்டேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள்.

ஜூலை 3, வியாழன்
இரண்டு நாளாக ஏஞ்சலுக்குக் காய்ச்சல், பள்ளிக்கு அனுப்பவில்லை. சாயங்காலம் வாசலில் செல்லம்மாள் வந்து நின்றாள். இன்றைக்கு ஒரு கை பார்ப்பது என்று முந்தானையை இழுத்துச் செருகினேன்.

அவள் நேராக உள்ளே வந்து ஏஞ்சலின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஜுரம் வுட்டுப்போச்சே. நாளைக்காச்சும் அனுப்பு தேவயானி. செருப்பு சுடுதுன்னு எம்புள்ள ரெண்டு நாளா அழுதுகினு வரான்."