கொல்லைத் தளத்துக்கு ஒரு வாட்டம்

மார்ச் 3, திங்கள்
எங்கள் டப்போ ஊரில் இன்னும் வெயில் குறையவில்லை. கொல்லையில் தளக்கல் பதிக்கத் தோண்டி முடித்தாயிற்று. இடுப்பு அறுவைக்குப் பிறகு அம்மாவால் படி இறங்க முடியாது. பின்கதவும் தளமும் ஒரே உயரத்தில் சேர்ந்தால், நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு தானாகவே வெளியே போவாள். ஜூலையிலிருந்து அவள் வானம் பார்ப்பது சன்னல் வழியாகத்தான்.

மார்ச் 5
அப்பா ஜல்லியை இரண்டு அடுக்காகக் கொட்டி, நனைத்து, அதிர்வு இயந்திரம் ஓட்டினார். குதிகாலால் குத்தினாலும் தடம் விழவில்லை. ஆனால் ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி நட்ட நடுவில் நிற்கிறது. புல்தரையில் பந்து உருட்டி ஆடும் மன்றத்தில் தரை பராமரிப்பது அவர் வேலை. பந்து தானாக உருளாததுதான் அவருக்கு நல்ல தரை. வாட்டம், அதாவது சரிவு, இல்லாவிட்டால் மழைத் தண்ணீரும் உருளாதே! கதவடியில் தேங்கும், பிறகு உள்ளே வரும்.

நான் படித்தது இதைத்தான். எங்கள் வீட்டின் முதல் பட்டம். வேலையும் வடிகால் பிரிவில். சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 7
இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி
மணல் பரப்ப அப்பாவின் மன்றத்து நண்பர் டெஸ் வந்துவிட்டார். முதல் தள்ளுவண்டி சாயும் நேரம் — என் குரலா அது? — “அப்பா, வாட்டம் இல்லப்பா. தண்ணி வீட்டுக்குள்ள வரும்.”

“அடேய் நெவில், வீட்டுல இன்ஜினியரம்மா இருக்காங்கன்னு சொல்லவே இல்லையே!” என்றார் டெஸ். “பீராவது உண்டா, இல்ல அதுக்கும் பட்டம் வேணுமா?”

அப்பா சிரிக்கவில்லை. “எவ்வளவு இறக்கணும்?”

“மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர்.”

“கோணலாப் போடச் சொல்ற. என்னை.”

காது சூடாகிவிட்டது. எதுக்கு வாயத் திறந்தேன்? அந்தாளு முன்னாடி? தனியாச் சொல்லியிருக்கலாம்ல?

கதவுக்குள்ளிருந்து அம்மா: “நெவில், நான் அங்க டீ குடிக்கத்தான் போறேன். பந்து உருட்ட இல்ல.”

அப்பா மண்வெட்டியோடு புல் பக்க ஓரத்துக்குப் போய் ஜல்லியைச் சுரண்டத் தொடங்கினார்.

மார்ச் 9
சரிவு பார்க்கும் மட்டக் கயிற்றை நான் கட்டினேன். சுரண்டிய இடமெல்லாம் மறுபடி நனைத்துக் கெட்டிப்படுத்தினோம். அப்பா என்னிடம் பேசியது ஒரே வார்த்தை. “பிடி.”

மார்ச் 15
கல் பதித்து முடிந்தது. அப்பா அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. சாய்ந்து மாட்டிய படம் மாதிரி கண்ணை உறுத்துகிறதாம். அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 2
விடியற்காலையிலிருந்து அடைமழை. அப்பா டீக்கோப்பையோடு பின்கதவில் நின்றார். நான் அவருக்குப் பின்னால். தண்ணீர் கல்லில் வழுக்கிப் புல்லுக்குள் போய்க்கொண்டே இருந்தது. கதவடியில் ஒன்றும் தேங்கவில்லை.

மழை விட்டதும் அம்மா நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே போய் நின்றாள். துணைக்கு யாரையும் கூப்பிடவில்லை.

அப்பா கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மன்றத்துல நடைபாதைக்குக் கல் போடறாங்க. சனிக்கிழமை கமிட்டி. நீ வந்து வாட்டத்தப் பத்திச் சொல்லிடு.”

கமிட்டி முழுக்க ஆண்கள். எல்லாரும் டெஸ் வயசு, டெஸ் வாய்.

“சரி,” என்றேன். சத்தமாக வந்துவிட்டது போல. வெளியிலிருந்து அம்மா திரும்பிப் பார்த்தாள்.