நகராத மேகம்

சொட்டு நீலம் போட்ட ஈரத் துணியின் வாசனை வந்தாலே உங்கள் ஞாபகம்தான். இன்று சனிக்கிழமை. மாதா கோயில் பீடத் துணியைத் துவைக்கும் முறை இந்த மாதம் நம் வீட்டுக்கு. மொட்டை மாடியில் அதைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டும்போது பார்த்தேன், காக்ஸ் டவுன் கோயில் கோபுரத்துக்கு மேலே ஒரு மேகம்.

நமக்குக் கல்யாணமான முதல் வருடமும் இதே கொடிதான். நீங்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பெரிய வானிலை அதிகாரி மாதிரி அண்ணாந்து பார்த்தீர்கள்.

"அது பாட்டுக்கு நிக்குது. அரை மணி நேரமா இடமும் மாறல, வடிவமும் மாறல. நீ போய் சமையலப் பாரு."

நம்பிப் போனேன். சாம்பார் கொதிப்பதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. இஸ்திரி போட்டும் காயாத துணியைத்தான் மறுநாள் பூசைக்கு விரித்தோம். அதில் கை வைத்த பங்குச் சாமியார் உங்களைப் பார்த்தாரே ஒரு பார்வை! அவமானத்தில் ஒரு வாரம் நான் உங்களோடு பேசவில்லை.

அந்த வாரம் முழுக்க மாடியே கதியென்று கிடந்தீர்கள். கடைசியில் கண்டுபிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தீர்கள்.

"பக்கவாட்டுல போற மேகம்தான் நகர்றது தெரியுது. நம்மளப் பார்த்து நேரா வர்றது நின்ன இடத்துலயே நிக்கிற மாதிரி இருக்கு. இனிமே நகராத மேகத்தக் கண்டா துணிய எடுத்துடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை.

போன வருடம் ஆஸ்பத்திரியில் டாக்டர் தினமும் ஒரே பதில்தான் சொன்னார்: "அப்படியேதான் இருக்கார், மாற்றம் இல்ல." நம் மகனுக்கு அது நிம்மதி. "நீ ஸ்கூலுக்குப் போம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றான். எனக்கோ அந்த மேகம் நினைவுக்கு வந்தது. அன்றே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு உங்கள் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தேன். பதினோரு நாள். நூறு முறை சொன்ன கதைகளையெல்லாம் மறுபடி சொன்னீர்கள், நானும் புதிதாகக் கேட்பவள்போலக் கேட்டேன். நீங்கள் போனபோது உங்கள் கை என் கைக்குள் இருந்தது. அந்த மட்டில் எனக்கு மனக்குறை இல்லை.

இன்றும் துணி காய்கிறவரை அந்த மேகம் நகரவே இல்லை. அவசரமாகத் துணியை உருவினேன். பக்கத்து மாடி மஞ்சுளா சிரித்தாள். வெயிலை அவள் கன்னடத்தில் பிசிலு என்றுதான் சொல்வாள்.

"ஆன்ட்டி, இவ்ளோ பிசிலு அடிக்குது, மழை எங்க வரும்?"

"நேரா இங்கதாம்மா வருது" என்றேன்.

படியிறங்கும்போதே தகரக் கூரையில் படபடவென்று சத்தம் கேட்டது. துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

இந்த முறை நனையவில்லைங்க.