வெள்ளையடித்த சுவர்

செவ்வாய், இரவு

எங்கள் நகரசபைக் கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தது. அதைத் திருத்த மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதியது நான்தான். இன்று மானியம் கொடுக்கிறவர்கள் கட்டடத்தைப் பார்வையிட வந்தார்கள். பெரியவர்கள் வந்தால், நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அதே பழக்கத்தில், ஒழுகி ஊறிய சுவருக்கெல்லாம் நேற்றே வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன். வந்தவர்கள், கட்டடம் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டார்கள். புதிதாகச் சேர்ந்த நஸ்ரினாதான் அவர்களைக் கூரைக்கடியில் ஏற்றி, உளுத்த மரங்களைக் காட்டினாள்.

"நஸ்ரினா இல்லாட்டி இன்னைக்குக் கத முடிஞ்சிருக்கும். நீங்க என்னம்மா, கல்யாண வீடு மாதிரி வெள்ளையடிச்சு வச்சிருக்கீங்க?" என்றார் தலைவர். அவள் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன்.

மானியம் வந்தால் திருத்த வேலைக்குப் பொறுப்பாக என்னைப் போடுவார்கள் என்றிருந்தேன். இனி அவளைத்தான் போடுவார்கள்.

"மானியம் கெடச்சா நல்லதுதானே புள்ள?" என்கிறார் என் வீட்டுக்காரர்.

நல்லதுதான். கிடைக்காவிட்டால், அவளாலும் முடியவில்லை என்றாகும். பாப்பாவைத் தட்டித் தூங்கவைக்கும்போதும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.